முழுப் பேரா, அரைப் பேரா?

கண்டிக்குப் போகும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொன்னது நானேதான். பயணத்தை ஏற்பாடு செய்தவர்கள் நார்வே நாட்டில் ஒரு சின்ன ஊரின் தோழமைக் குழுவினர். பல தேசத்துக்கு ஆள் அனுப்பி அடிபட்டவர்கள் போலிருக்கிறது. பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் போடட்டுமா என்று கேட்டார்கள். நான் சிரித்துவிட்டேன். கலஹா தோட்டத்துப் பெண்கள் தமிழ் பேசுகிறவர்கள், நான் உடுமலைப்பேட்டைக்காரி, தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் எதற்கு ஓர் ஆள் என்று பதில் எழுதச் சொன்னேன். அந்த வாய்க்கொழுப்புக்கு நான்கே நாளில் பலன் கிடைத்தது.

எங்களுடையது இட்லி மாவு அரைத்து விற்கும் பெண்கள் சங்கம். எங்கள் முதல் கிரைண்டரை அந்த நார்வேக்காரர்கள்தான் கொடுத்தார்கள். அது கடனும் இல்லை, தானமும் இல்லை. எங்களுக்குத் தொழில் கைவந்த பிறகு வேறொரு நாட்டில் வேறொரு கூட்டத்துக்கு நாங்கள் போய்க் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. எங்கள் முறை வந்தபோது சங்கத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாஸ்போர்ட் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகலாம் என்று எடுத்து, போகாமலே பீரோவில் கிடந்தது.

கலஹாவில் ஆறு பெண்கள். எல்லோரும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள். ஒரு பேக்கரியின் பின்னறையைப் பேசி வைத்திருந்தார்கள். கிரைண்டர் எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. நான் நான்கு நாள் தொழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான்காம் நாள் அந்த ஆறு பேரும் ‘நாங்கள் யாருக்கும் வேலையாட்கள் அல்ல, இது எங்கள் சொந்தத் தொழில்’ என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் கிரைண்டர் வேறு ஊருக்குப் போய்விடும். என் வேலை அவ்வளவுதான். உடுமலையில் உட்கார்ந்து யோசித்தபோது அது மிகச் சுலபமாகத் தெரிந்தது.

தங்கியது அம்பிட்டியவில், ஒரு சிங்கள அம்மா வீட்டு மாடியில். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது, ஆனால் நாங்கள் இருவரும் கடைசிவரை ஒருவரையொருவர் தப்பாகப் புரிந்துகொள்ளவே இல்லை. இதை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்தேன். முதல் நாள் காலையில் அவர் வெள்ளை வெளேரென்று வைர வடிவில் வெட்டிய சோற்றுத் துண்டுகளைத் தட்டில் வைத்தார். தேங்காய்ப் பால் வாசம் அடித்தது. கல்கண்டுப் பொங்கலாக்கும் என்று நினைத்து, பக்கத்தில் இருந்த சிவப்புத் துவையலைப் பழ ஜாம் என்று முடிவு செய்து ஒரு கரண்டி எடுத்துப் பூசிக்கொண்டேன். அது கிரிபத் என்ற பால்சோறு. ஜாம் என்று நான் நினைத்தது கட்டசம்பல், இடித்த மிளகாயும் வெங்காயமும். கண்ணில் நீர் வழிய நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார். அட, இது ஒன்று தப்பாகப் புரிந்துகொண்டதுதான்.

அங்கிருந்து கண்டி டவுனுக்கு ஒரு பஸ், டவுனிலிருந்து பேராதனை வழியாகக் கலஹாவுக்கு இன்னொரு பஸ். பஸ்ஸில் பாட்டு அலறுகிறது. கண்டக்டர் என்னைப் பார்த்து “இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட” என்றார். இல்லை, நான் கலஹாவுக்குப் போகிறேன் என்று கத்தினேன். அவர் மறுபடி இஸ்ஸரஹட்ட என்றார். பஸ் மாறி ஏறிவிட்டேன் என்று பயந்து இறங்கப் பார்த்தபோது, பின்னால் நின்ற ஒரு கல்லூரிப் பெண் சட்டையைப் பிடிக்காத குறையாக என்னை நிறுத்தினாள். முன்னால் நகரச் சொல்கிறார், அவ்வளவுதான் என்றாள். நான் அதை ஓர் ஊர் என்று நினைத்துவிட்டேன்.

பேக்கரி வாசலில் எனக்காக நின்றவர் தயாபரன். யாழ்ப்பாணத்துக்காரர், நார்வேக் குழுவின் இந்தப் பக்கத்து வேலைகளைப் பார்ப்பவர். வாரத்தில் பாதி நாள் கண்டி அலுவலகத்தில், பாதி நாள் வேறு மாவட்டங்களில். அவர் போகும் முன் எனக்கு ஒரே ஒரு விஷயம் சொன்னார். தோட்டத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டு முழுநாளும் வர முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு பேர், மூன்று பேர் வந்தால் போதும், முறை மாற்றி வருவார்கள், நீங்கள் வற்புறுத்தக் கூடாது. நான் தலையை ஆட்டினேன். அவர் போய்விட்டார்.

முதல் நாள் அறிமுகம் என்பதால் ஆறு பேரும் வந்திருந்தார்கள். சுவரோரம் நின்றார்கள். உட்காரச் சொன்னேன், ஒருவரையொருவர் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். தினமும் வந்தவர்களின் பெயரும் கையெழுத்தும் ஒரு தாளில் வாங்கி அனுப்ப வேண்டும் என்பது நார்வேக்காரர்களின் விதி. நான் தாளை எடுத்து வைத்து, எங்கள் ஊரில் சொல்வதுபோலவே சொன்னேன்.

“மொதல்ல எல்லாருக்கும் பேர் போட்டுக்கலாங்க.”

அறையில் ஒரு சலசலப்பு. அவர்களில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், வலது தோளைச் சற்றுத் தாழ்த்தியே வைத்திருந்தவர், மெதுவாகக் கேட்டார்.

“முழுப் பேருங்களா, அரைப் பேருங்களா?”

எனக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை. இனிஷியலோடு எழுதுவதா, சும்மா கூப்பிடும் பெயரை எழுதுவதா என்று கேட்கிறார் என்று நினைத்தேன்.

“முழுப் பேர்தாங்க. அரைப் பேர் எதுக்கு? வந்த எல்லாருக்கும் முழுப் பேர்.”

அந்த ஆறு முகங்களும் மலர்ந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை. கேட்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. இவர்களை இதுவரை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை உடுமலைக்குப் போன் செய்து, மரியாதை என்றால் என்ன என்று இங்கே வந்து ஒரே வார்த்தையில் காட்டிவிட்டேன் என்று பெருமையடித்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டிருந்தேன். அது தெரிய எனக்கு இன்னும் மூன்று நாள் ஆனது.

கேட்டவர் பெயர் புவனேஸ்வரி. அவர் பக்கத்தில் இருந்த, எல்லாவற்றுக்கும் சிரிக்கிற சின்னப் பெண் சாந்தி. மற்ற நால்வரும் அதிகம் பேசவில்லை. அரிசி ஊற வைத்தோம். கிரைண்டரின் பிளக் அங்குள்ள சுவரில் நுழையவில்லை. பேக்கரிக்காரர் பாரூக் நானா எங்கிருந்தோ வேறொரு பிளக் தலையை வாங்கிவந்து மாட்டினார். நானா என்றால் அண்ணன். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது, அவரைவிட மூத்தவர்கள்கூட. உளுந்தின் விலையைக் கேட்டு நான் மலைத்து நின்றேன். கடைக்காரர் அதைத் தராசில் போட்ட விதத்தை எங்கள் ஊர் நகைக்கடையில் பார்க்கலாம்.

மாலையில் அரைத்து உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைத்தோம். காலையில் பாருங்கள், பாத்திரத்தைத் தள்ளிக்கொண்டு வரும் என்று சொன்னேன். வேலை முடிந்த பிறகும் யாரும் கிளம்பவில்லை. நான் பையை எடுத்துக்கொண்ட பிறகு சாந்தி கேட்டாள்.

“விட்டாச்சுங்களா?”

எதை விட்டாச்சு என்று புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஆமாம் என்றேன். உடனே ஆறு பேரும் கிளம்பிப் போனார்கள்.

இரண்டாம் நாள் நான் பிந்தினேன். கலஹா பஸ் கிடைக்காமல், பேராதனையில் மாறிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னதை நம்பி வேறொரு பஸ்ஸில் ஏறினேன். பேராதனை எப்போது வந்தது, எப்போது போனது என்று தெரியவில்லை. பாறையைக் குடைந்த ஒரு வாசலைப் பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். கடுகண்ணாவை என்றார்கள். இறங்கி எதிர்ப்பக்கம் நின்றேன். தெருவோரத்தில் ஒரு பெட்டிக்கடை. நிற்கிற நேரத்துக்கு ஒரு பிளேன்டீ வாங்கினேன். பால் இல்லாத அந்தத் தேநீரோடு ஒரு கரண்டியில் சீனி தனியாக வந்தது. கலக்கிக் குடிப்பதா, நக்கிக் குடிப்பதா என்று திருதிருவென்று விழித்தேன். கடைக்காரர் உள்ளங்கையில் சீனியைக் கொட்டிக் காட்டினார். அதை நக்கிக்கொண்டு, ஒரு மிடறு குடிக்க வேண்டும். சின்ன வயதில்கூட நான் இப்படிச் செய்ததில்லை. நன்றாகத்தான் இருந்தது.

கலஹா போய்ச் சேர்ந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. இரண்டு பேர் வந்திருப்பார்கள், அவர்களும் போயிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே ஓடினேன். ஆறு பேரும் இருந்தார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். சாவி பக்கத்தில் பேக்கரியில் தொங்குகிறது. ஏழரை மணியிலிருந்து நிற்கிறோம் என்றாள் சாந்தி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாவி இருக்கிறதே, திறந்து உட்கார வேண்டியதுதானே என்றேன். நீங்க வராம எப்படிங்க என்றார்கள். முறை மாற்றித்தானே வருவதாகப் பேச்சு, எல்லோரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். அவர்கள் முகம் சட்டென்று வாடியது. புவனேஸ்வரி அவசரமாக, “நேத்து எல்லாருக்கும்னு சொன்னீங்களே” என்றார். சொன்னேன், அதற்கென்ன, வாருங்கள், நல்லதுதானே என்றேன். முகங்கள் மறுபடி மலர்ந்தன. என் பாடம் அத்தனை பிடித்துப்போய்த்தான் தோட்ட வேலையையே விட்டுவிட்டு வருகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். மனிதர் தனக்கு வேண்டியதைத்தான் புரிந்துகொள்வார் போலும்.

உள்ளே மாவு போட்டது போட்டபடி கிடந்தது. ஒரு நூல் அளவுகூட எழும்பவில்லை. உடுமலையில் இந்நேரம் மூடியைத் தள்ளித் தரையில் வழிந்திருக்கும். ஆறு பேரும் பாத்திரத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். கொஞ்சம் சர்க்கரை போட்டேன், வெந்நீரில் இறக்கி வைத்தேன், கம்பளியால் சுற்றினேன். எட்டிப் பார்த்த பாரூக் நானா சிரித்தார்.

“இங்க குளிர் ஈக்குது தானே. ஒங்கட ஊர் சூட்ட பேக்ல போட்டு கொண்டு வந்திருக்கோணும்.”

இட்லி ஊற்றினோம். கல்லை விட்டெறிந்தால் காயம் படும், அந்த இட்லியை எறிந்தாலும் படும். புவனேஸ்வரி ஒன்றைச் சம்பலில் தோய்த்துச் சாப்பிட்டு, ருசி இருக்குங்க என்றார். எனக்காகச் சொன்ன பொய். வெட்கமாக இருந்தது. அன்று மாலை மறுபடி அரைத்து மூடி வைத்த பிறகு அவர் கொஞ்சம் பின்தங்கி நின்றார். தோளைப் பற்றி அப்போதுதான் சொன்னார். கை மேலே தூக்க வருவதில்லை, கொழுந்து முன்போல் பறிக்க முடிவதில்லை, ஆறு மாசமா எனக்கு முழுப் பேரே விழல என்றார். நான் அந்தக் கடைசி வார்த்தையைக் காதில் வாங்கினேன், ஆனால் கேட்கவில்லை. தோளுக்கு எங்கள் ஊரில் ஒரு தைலம் கிடைக்கும் என்று சொன்னேன்.

மூன்றாம் நாளும் பிந்தினேன். இந்த முறை என் குற்றமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அறைக்கு ஏதோ ஓர் அனுமதிக் கடிதம் வேண்டுமென்று தயாபரன் என்னைக் கண்டியில் ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். “கதிரையில இருங்கோ, இப்ப வாறன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். நாற்காலிக்குக் கதிரை என்று அங்கே பெயர். கதிரும் இல்லை, அறுவடையும் இல்லை. இருங்கோ என்றால் காத்திரு அல்ல, உட்கார் என்று அர்த்தம் என்பது எனக்குத் தெரிந்ததால் உட்கார்ந்தேன். ஆனால் வாறன் என்றால் உடனே வருவது இல்லை என்பது தெரியவில்லை.

அவர் உள்ளே போகும் முன்பே அவரிடம் கேட்டிருந்தேன், பெண்கள் ஆறு பேரும் தினமும் வருகிறார்களே, தோட்டத்தில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று. அவர் நெற்றியைச் சுருக்கினார். அப்படி வர மாட்டார்களே என்றார். வருகிறார்கள் என்றேன் பெருமையாக. அவர் என்னவோ கேட்க வாயெடுத்தார், உள்ளிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

மதியம் கலஹாவில் இறங்கியபோது பின்னறையில் ஆறு பேரும் இருந்தார்கள். நான் நுழைந்ததும் எழுந்து நின்றார்கள். மாவுப் பாத்திரத்தைக் காணவில்லை. புவனேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டு என்னைப் பேக்கரிப் பக்கம் அழைத்துப் போனார். நானா பாண், அதாவது ரொட்டி, சுடும் அடுப்பின் பின்சுவரை ஒட்டி ஒரு பலகை போட்டு, அதன்மேல் பாத்திரம். மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி நின்றது. பாண் சுடுகிற அடுப்பு அங்கே ஆறுவதே இல்லை. அந்தச் சுவரின் இளஞ்சூட்டில் உடுமலைப்பேட்டை வெயிலே இருந்தது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

“கேக்காம செஞ்சிட்டேன்” என்றார். “மன்னிச்சிக்கிருங்க. நேத்து சாயந்தரம் நானாகிட்ட நானே பேசினேன்.”

நான் பாராட்டுகிறேன், அவர் மன்னிப்புக் கேட்கிறார். நான் மறுபடி பாராட்டினேன், அவர் மறுபடி கேட்டார். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றேன். அன்று வெந்த இட்லியைப் பற்றி மட்டும் சந்தேகமே இல்லை. பஞ்சு. நானா நாலு இட்லியைக் கட்டசம்பலோடு சாப்பிட்டு, கடையில் வைக்கலாம், கண்டி டவுனில் தனக்குத் தெரிந்த இரண்டு கடைக்கும் பேசலாம் என்றார். தாளில் பெயர் எழுதும்போது சாந்தி என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, முழுசாத்தானே போடுறீங்க என்று கேட்டாள். முழுசாகத்தான் என்றேன். இனிஷியலையும் காட்டினேன்.

நான்காம் நாள் விடிந்ததும் கிளம்பி, ஏழேகாலுக்கே போய் நின்றேன். அவர்கள் வரிசையாக வந்தார்கள். காலையில் வேலை கச்சிதமாக நடந்தது; நான் வாயைத் திறக்க அவசியமே இருக்கவில்லை. பிற்பகல் தயாபரன் ஒப்பந்தத்தோடு வந்தார். நிதானமாக வாசித்தார். உறுப்பினர்களாகிய நாங்கள் யாருக்கும் கூலியாட்கள் அல்ல, தொழிலும் பொறுப்பும் எங்களுடையது, வருவதைப் பகிர்ந்துகொள்வோம். வாசித்து முடித்துப் பேனாவை நீட்டினார். யாரும் வாங்கவில்லை.

சாந்திதான் பேசினாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

“அப்ப எங்க பேரு?”

இதோ இருக்கிறதே என்று நான்கு நாள் தாள்களையும் எடுத்து நீட்டினேன். ஆறு முழுப் பெயர்கள், ஆறு கையெழுத்துகள்.

“இது எழுதின பேருங்க. நாங்க கேக்குறது போட்ட பேரு.”

தயாபரன் தாள்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நீங்கள் இவையளிட்ட என்னெண்டு சொன்னனீங்கள்?”

சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. சொன்ன அளவு கொழுந்து பறித்தால் கணக்கப்பிள்ளை முழுப் பேர் போடுவார். குறைந்தால் அரைப் பேர், அதாவது பாதி நாள் கூலி. வராவிட்டால் பேரே இல்லை. நான் முதல் நாள், முதல் வாக்கியத்தில், வந்த எல்லாருக்கும் முழுக் கூலி என்று சொல்லியிருக்கிறேன். அதை நம்பி ஆறு பேரும் நான்கு நாள் கொழுந்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்த வரிசை, அந்தக் கதவுக்கு முன் காத்திருப்பு, வேலை முடிந்ததா, போகலாமா என்பதற்கான விட்டாச்சுங்களா என்ற கேள்வி, கேக்காம செஞ்சிட்டேன் என்ற மன்னிப்பு, எல்லாம் எனக்கு அல்ல. என் உருவத்தில் வந்த கணக்கப்பிள்ளைக்கு. கண் கலங்கிய புவனேஸ்வரியை நினைத்தேன். ஆறு மாதம் கழித்து முதல் முறையாக முழுப் பேர் கேட்ட முகம் அது. அதைப் பார்த்துத்தான் நான் ஊருக்குப் போன் செய்து பெருமையடித்திருக்கிறேன். அங்கேயே பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது.

நான் சொன்னதன் அர்த்தத்தை அவர்களிடம் சொன்னேன். எங்கள் ஊரில் பேர் என்றால் பெயர், அவ்வளவுதான் என்றேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு பெண் எழுந்து புடவை முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள், கிளம்புகிறவள் போல.

ஊருக்கு வாங்கிப்போக வைத்திருந்த பணம் பையில் இருந்தது. அதை எடுத்தேன். தயாபரன் என்னைத் தனியே வாசலுக்குக் கூப்பிட்டார்.

“நீங்கள் காசு குடுத்தால் அவை உங்கட வேலையாள். பிறகு இந்தக் கடதாசியில இருக்கிறது பொய்.”

“குடுக்கலைன்னா?”

“குடுக்காட்டி நீங்கள் சொன்னது பொய்.”

அவர் கேலி செய்யவில்லை. அவருக்கும் வழி தெரியவில்லை. நார்வேயிலிருந்து உடுமலைக்கு, உடுமலையிலிருந்து கலஹாவுக்கு என்று கைமாறி வந்த உதவி என் நாக்கில் வந்து சிக்கிக்கொண்டது. நான் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். உள்ளே போவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

புவனேஸ்வரியின் குரல் உள்ளிருந்து வந்தது.

“அம்மா, ஒங்க ஊருல ஒங்களுக்கு யாருங்க பேரு போடுறது?”

நான் திரும்பினேன். யாரும் இல்லை, நாங்களே போட்டுக்கொள்வோம் என்றேன். மாவு விற்ற நாளில் வேலை செய்தவர்களுக்குப் போடுவோம், விற்காத நாளில் குறைத்துப் போடுவோம், சங்கத்தில் பதினொரு பேரும் உட்கார்ந்து சண்டை போட்டுப் போடுவோம் என்றேன். உண்மை அதுதான். இந்த நான்கு நாளில் எத்தனையோ சொல்லிக்கொடுத்த நான் இதை ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

“நாங்களே போட்டுக்கலாமா?” என்று அவர் கேட்டார். என்னிடம் அல்ல. மற்ற ஐவரிடமும்.

சாந்தி முனகினாள். விற்றால்தானே என்றாள். விக்காட்டி அரைப் பேருதான், தோட்டத்துல மட்டும் என்ன வாழுது என்றார் புவனேஸ்வரி. எழுந்து நின்ற பெண்ணைப் பார்த்து, நீ போறதுன்னா போ, ஆனா மாவு பொங்கிருச்சு என்றார். அந்தப் பெண் செருகிய முந்தானையை எடுத்துவிட்டாள். பிறகு உட்கார்ந்தாள்.

புவனேஸ்வரி என்னிடமிருந்து நான்காம் நாள் தாளை வாங்கினார். அதன் பின்பக்கத்தில் ஆறு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எதிரே நான்கு நாளைக்கும் கட்டம் போட்டார். சாந்திக்கு இரண்டாம் நாள் அரை. பிள்ளையைப் பார்க்க நடுவில் போய்விட்டாளாம். சாந்தி எதிர்த்துப் பேசினாள், எடுபடவில்லை. இன்னொருத்திக்கு மூன்றாம் நாள் அரை. உளுந்தைக் கழுவாமல் போட்டுவிட்டாளாம். தன் பெயர் வந்தபோது ஒரு கணம் நின்றார். பிறகு நான்கு கட்டத்திலும் முழு, முழு, முழு, முழு என்று எழுதினார். தோள் வலித்திருக்க வேண்டும், மெதுவாகத்தான் எழுதினார். யாரும் எதிர்க்கவில்லை. பிறகு ஆறு பேரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். தயாபரன் தாளை ஊதிக் காயவைத்தார், பால்பாயிண்ட் பேனா என்பதை மறந்து.

நான் பணத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது புவனேஸ்வரி என்னைப் பார்த்தார்.

“ஒங்க பேரு மரகதந்தானுங்களே?”

ஆமாம் என்றேன். ஏழாவதாக என் பெயரை எழுதினார். முதல் நாள் முழு. நான்காம் நாள் முழு. நடுவில் இரண்டு கட்டத்தையும் பேனாவால் தொட்டுக் காட்டி, “ரெண்டு நாளும் பிந்தித்தான் வந்தீங்க” என்று சொல்லி, அரை, அரை என்று எழுதினார். கடுகண்ணாவைக் கதையையும் அலுவலகக் கதிரைக் கதையையும் சொல்ல வாயெடுத்தேன். ஐந்து பெண்களும் என்ன சொல்லப் போகிறேன் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டேன். வாழ்நாளில் இத்தனை நியாயமாக யாரும் எனக்குக் கூலியைக் குறைத்ததில்லை.

அந்தத் தாள் முன்பக்கமும் பின்பக்கமுமாக நார்வேக்குப் போனது. நான் ஊர் திரும்பிச் சில வாரம் கழித்து அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. கலஹா மாவு கண்டி டவுனில் மூன்று கடையில் விற்கிறதாம், மகிழ்ச்சியாம். பின்பக்கத்தில் ஏழு பெயர்களுக்கு நேரே என்னவோ எழுதியிருக்கிறதே, அதிலும் உங்கள் பெயருக்கு நேரே இரண்டு இடத்தில் வேறு மாதிரி இருக்கிறதே, அதன் பொருள் என்ன என்று கேட்டிருந்தார்கள். இதை விளக்க எனக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.